பல் விழும் கனவும் மாசிபத்திரித் தலையணையும்

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். கனவு என்பது மூளை கழித்துப்போடும் குப்பை என்று அறிவியல் சொல்வதாகப் படித்திருக்கிறீர்கள். லண்டனில் படிக்கும் உங்கள் தோழியோ விக்கா என்னும் நவீன சூனியக்கலையில் சேர்ந்து, கனவு மறுவுலகச் செய்தி என்கிறார். தலையணைக்குள் மூலிகை வைத்துத் தூங்குகிறார். உங்களுக்கு அடிக்கடி பல் விழுவதாகக் கனவு வருகிறது. வீட்டில் சாவு விழும் என்கிறார் பெரியம்மா. தாத்தா தூக்கத்தில் கத்திக்கொண்டு கைகாலை வீசுகிறார். யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று வீட்டில் பேச்சு. இதில் எதை நம்புவது என்று கேட்கிறீர்கள்.

பதில் நீளமாகத்தான் வரும். தாத்தா விஷயம் அவசரமானது. பொறுமை இல்லாவிட்டால் கடைசிப் பகுதியை முதலில் படித்துவிடுங்கள்.

என் கருத்தை முன்னாலேயே வைத்துவிடுகிறேன். கனவு, அதைக் கண்டவரைப் பற்றி நிறையவே சொல்கிறது. அடுத்த வீட்டுக்காரரைப் பற்றியோ அடுத்த வாரத்தைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. முதல் பாதியை இன்றைய கனவு ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்பார்கள். விக்காவினரில் விவரம் தெரிந்தவர்களும் ஏற்பார்கள். தகராறெல்லாம் இரண்டாவது பாதியில்தான்.

"குப்பை" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவரும் அவருடைய ஆசிரியர் நத்தேனியல் கிளைட்மனும் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். தூங்குகிறவரின் மூடிய இமைகளுக்குள் கண்கள் இரவில் சில வேளைகளில் வேகமாக அலைகின்றன; அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலும் கனவு சொல்கிறார்கள் என்பது கண்டுபிடிப்பு. 27 தடவை எழுப்பியதில் 20 தடவை தெளிவான கனவு கிடைத்தது. கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவியை முதலில் பொருத்திப் பார்த்தவர்களில் அசெரின்ஸ்கியின் எட்டு வயது மகனும் ஒருவன். ஆராய்ச்சி மாணவரிடம் பணம் இல்லாத காலத்தில் பிள்ளைதானே கைக்கு அகப்படுவான். இந்தக் கட்டத்துக்குத்தான் ரெம் உறக்கம் என்று பெயர். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது. இரவின் தொடக்கத்தில் சில நிமிடங்களே நீடிக்கும். விடியலை நெருங்க நெருங்க நீளும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வதற்குப் பாதி விளக்கம் இதிலேயே இருக்கிறது. அப்போதுதான் கனவு நீளமாகவும் பளிச்சென்றும் வருகிறது, அப்போதுதான் விழித்தும் எழுகிறோம். நள்ளிரவுக் கனவு பலித்ததா இல்லையா என்று சரிபார்க்க அது யாருக்கும் நினைவிலேயே இருப்பதில்லை.

அடுத்து 1977இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆலன் ஹாப்சனும் ராபர்ட் மெக்கார்லியும், கனவுக்குள் மறைந்த ஆசை இருக்கிறது என்ற உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்டின் கோட்டையைத் தகர்த்துவிட்டோம் என்ற தொனியில் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். மூளைத்தண்டு கிளப்பும் ஒழுங்கற்ற தூண்டல்களை மேல்மூளை கிடைத்ததைக் கொண்டு கதையாகத் தைத்துவிடுகிறது, அதுவே கனவு என்றார்கள். 1983இல் டிஎன்ஏ புகழ் ஃபிரான்சிஸ் கிரிக்கும் கிரேம் மிட்சிசனும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: தேவையற்ற நினைவிணைப்புகளை அழிக்கும் வேலை அது, நாம் மறப்பதற்காகவே கனவு காண்கிறோம் என்றார்கள். குப்பை என்று நீங்கள் படித்தது அநேகமாக இந்த இரண்டின் எதிரொலி. நாற்பது ஆண்டுப் பழைய செய்தி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கனவுக்குப் பொருளே இல்லை என்று தாம் ஒருபோதும் சொல்லவில்லை என்பதை ஹாப்சன் பின்னாளில் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. மறைபொருள் தேடாதே, பொருள் மேற்பரப்பிலேயே வெளிப்படையாக இருக்கிறது என்பதுதான் அவர் வாதம். தம் கனவுகளைப் பல ஆண்டுகள் குறிப்பேடுகளில் எழுதிவைத்த மனிதர் அவர். 2001இல் அவருக்கே மூளைத்தண்டில் பக்கவாதம் வந்து, ஒரு மாதத்துக்கு மேல் கனவே வராமல் போனது. அதையும் உட்கார்ந்து குறித்துவைத்தார்.

பிறகு மார்க் சோல்ம்ஸ் என்ற நரம்பியல் உளவியலாளர் மூளை பாதிக்கப்பட்ட நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம், "உங்களுக்கு இப்போது கனவு வருகிறதா?" என்று கேட்டார். அவ்வளவு எளிய கேள்வியை அதுவரை அத்தனை பேரிடம் முறையாகக் கேட்டவர் இல்லை. முன்மூளையின் அடியில், ஆசையையும் நாட்டத்தையும் தூண்டும் டோபமீன் பாதைகள் செல்லும் இடம் சேதமானவர்களுக்கு ரெம் உறக்கம் அப்படியே இருந்தது. கனவு மட்டும் நின்றுவிட்டது. ஆகவே ரெம் வேறு, கனவு வேறு. விருப்பத்தோடு தொடர்புள்ள பகுதி கெட்டால் கனவு போய்விடுகிறது என்றால், ஃபிராய்டை முழுக்கக் குப்பைக்கூடையில் போட்டது அவசரம்தான். அவர் சொன்ன குறியீட்டு அகராதியைப் பற்றி நான் பேசவில்லை. கனவுக்குப் பின்னால் ஆசை நிற்கிறது என்ற அடிப்படையை மட்டும் சொல்கிறேன்.

கனவில் இறந்துபோன மாமா பஸ் ஓட்டி வந்தால் நமக்கு ஏன் வியப்பே வருவதில்லை? 1990களில் எடுத்த மூளைப் படங்கள் இதற்கு விடை தந்தன. ரெம் உறக்கத்தில் அச்சம் முதலிய உணர்வுகளைக் கையாளும் அமிக்டலா சுறுசுறுப்பாக இருக்கிறது. சரிபார்த்துக் கேள்வி கேட்கும் முன்நெற்றிப் பகுதி அடங்கியிருக்கிறது. கனவில் பதற்றம் மிகுதி, தர்க்கம் குறைவு. கால்வின் ஹாலும் ராபர்ட் வான் டி காஸிலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் 1,000 கனவுகளை வகைபிரித்து 1966இல் வெளியிட்ட கணக்கிலும் இதுவே தெரிந்தது: நட்பைவிடச் சண்டை அதிகம், மகிழ்ச்சியைவிடக் கவலை அதிகம். கெட்ட கனவு வந்தால் கெட்ட சகுனம் என்று பதறுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். கனவின் இயல்பான நிறமே கொஞ்சம் கறுப்புதான்.

சரி, பொருள் எங்கே இருக்கிறது? ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டிக்கோல்ட் விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டைச் சிலரை விளையாட வைத்தார். தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் கட்டங்கள் விழுந்துகொண்டே இருப்பதைப் பலரும் கண்டார்கள். விளையாடியதே நினைவில் இல்லாத மறதி நோயாளிகள் சிலரும் அதே கட்டங்களைக் கண்டார்கள். எங்கிருந்து வந்தது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இது. நாம் அறியாமல் நமக்குள் கிடப்பதைக் கனவு எடுத்துக் காட்டும் என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியாது. ரோசலிண்ட் கார்ட்ரைட் சிகாகோவில் மணமுறிவால் மனச்சோர்வுற்றவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். பிரிந்த துணை உணர்ச்சியோடு கனவில் வந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள் என்று கண்டார். நம் கவலை, நம் உறவுகள், நம் தொழில், இவைதான் கனவின் சரக்கு. வில்லியம் டாம்ஹாஃப் போன்றவர்கள் கனவும் நனவு வாழ்க்கையும் ஒரே தொடர்ச்சி என்று சொல்வது இதைத்தான்.

இனி உங்கள் தோழியின் பக்கம். விக்காவை நம் ஊர்ப் பில்லி சூனியத்தோடு சேர்க்காதீர்கள். அது ஒரு சமயம், அதுவும் மிக இளையது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 13,000 பேர் தங்களை விக்காவினர் என்று பதிவு செய்தார்கள். அதை நிறுவியவர் ஜெரால்ட் கார்ட்னர், 1884இல் பிறந்த ஆங்கிலேயர். பதின்ம வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பின்னர் மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து 1936இல் ஓய்வு பெற்றார். அவருடைய கதையிலேயே கனவு இருக்கிறது. சைப்ரஸ் தீவைப் போன்ற ஓர் இடம் அவருக்குக் கனவில் திரும்பத் திரும்ப வந்தது. பின்னர் நேரில் போனபோது பழகிய இடம்போல் தோன்றவே, முற்பிறவியில் அங்கே வாழ்ந்ததாக நம்பினார். அதை வைத்து ஒரு நாவலும் எழுதி 1939இல் வெளியிட்டார். அதே ஆண்டில் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு பழைய சூனியக் குழுவில் தீட்சை பெற்றதாகச் சொன்னார். 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டதும் வெளிப்படையாக எழுத ஆரம்பித்தார். பழைய சமயம் ஒன்று அறுபடாமல் வந்தது என்ற அவர் கூற்றை இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. ரொனால்ட் ஹட்டன் இதை விரிவாக ஆராய்ந்து, விக்கா இருபதாம் நூற்றாண்டின் படைப்பு என்று காட்டினார். விக்காவினரில் பலரும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

கார்ட்னரின் சைப்ரஸ் கனவைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டால், அவர் தொல்லியல் பித்துப் பிடித்தவர், பாலஸ்தீன அகழாய்விலும் போய்க் கைகொடுத்தவர். டெட்ரிஸ் நோயாளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். எப்போதோ படித்தது, பார்த்தது, மூலம் மறந்துபோய்க் கனவில் எழுந்தால், முற்பிறவி போலத்தான் தோன்றும்.

ஆனால் விக்காவினர் தங்கள் முன்னோர் என்று சொல்லிக்கொள்ளும் பழைய சூனிய வரலாற்றைச் சும்மா தாண்டிப் போகக் கூடாது. கனவுக்காக மனிதர்களைக் கொன்ற வரலாறு அது. பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், ஏறத்தாழ 906இல், பதிவான ஒரு திருச்சபை விதி, சில பெண்கள் இரவில் டயானா தேவதையோடு விலங்குகள்மேல் ஏறிப் பறப்பதாக நம்புகிறார்கள், அது உறக்கத்தில் வரும் மயக்கம், உடல் எங்கும் போவதில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. அன்றைய திருச்சபை இந்த விஷயத்தில் நிதானமாக இருந்திருக்கிறது! சில நூற்றாண்டுகளில் அந்த நிதானம் போயிற்று.

இத்தாலியின் ஃபிரியூலி வட்டாரத்தில் பெனந்தாந்தி என்று ஒரு கூட்டம் இருந்தது. பனிக்குடச் சவ்வு தலையில் ஒட்டியபடி பிறந்தவர்கள். ஆண்டில் நான்கு பருவத்து நோன்பு வாரங்களில், வியாழன் இரவு, உடல் படுக்கையில் கிடக்க, தங்கள் ஆவி வெளியே போய்ப் பெருஞ்சீரகத் தண்டுகளால் சூனியக்காரர்களோடு போரிடும் என்றார்கள். எதிரிகள் கையில் சோளத்தட்டை. இவர்கள் வென்றால் விளைச்சல், தோற்றால் பஞ்சம். 1575 முதல் விசாரணைக் குருமார்கள் இவர்களை அழைத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். "நாங்கள் கிறிஸ்துவின் பக்கம் நின்று சூனியத்தை எதிர்ப்பவர்கள்" என்பதே அவர்களுடைய முதல் பதில். இரண்டு தலைமுறை ஓயாமல் கேட்ட பிறகு, தாங்களே சாத்தானின் விருந்துக்குப் போனதாக ஒப்புக்கொள்ளும் நிலைக்குச் சிலர் வந்துவிட்டார்கள். இந்த ஆவணங்களைத் தேடியெடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க். கேட்கிறவர் எதிர்பார்ப்புக்கு ஏற்பச் சொல்கிறவரின் கனவே மாறிவிடுகிறது என்பது இதில் என்னை உறுத்தும் செய்தி. ஃபிராய்ட் 1897இல் சூனிய வேட்டைக் கையேடு ஒன்றை வரவழைத்து, தம் நோயாளிகள் சொல்வதற்கும் அதில் உள்ளதற்கும் இத்தனை ஒற்றுமையா என்று நண்பருக்கு எழுதினார். கேட்கிறவரின் பங்கை அவர் கொஞ்சம் கூடுதலாக யோசித்திருக்கலாம்.

1692இல் அமெரிக்காவின் சேலத்தில் நடந்த சூனிய வழக்குகள் இன்னும் கொடுமை. பிரிஜெட் பிஷப் என்ற பெண்ணுக்கு எதிராக ரிச்சர்ட் கோமன் என்பவர் சாட்சி சொன்னார்: எட்டு ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு அவள் அறைக்குள் வந்து என் நெஞ்சின்மேல் படுத்தாள், என்னால் அசையவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. ஜான் லவுடர் என்பவரும் இப்படியே சொன்னார். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்று சொல்வோமே, அப்படியே அதுதான். ரெம் உறக்கத்தில் கனவுக்கு ஏற்ப எழுந்து ஓடாமல் இருக்க மூளை உடம்பின் தசைகளைத் தளர்த்திக் கட்டிவைக்கிறது. விழிப்பு முந்திக்கொண்டு கட்டு அவிழாமல் இருந்தால், கண் திறந்திருக்கும், உடல் அசையாது, மூச்சு கனக்கும், கனவின் உருவம் அறைக்குள்ளேயே நிற்கும். சில நொடிகளோ ஓரிரு நிமிடங்களோ நீடித்துத் தானே விட்டுவிடும். பிரிஜெட் பிஷப் 1692 ஜூன் 10 அன்று தூக்கிலிடப்பட்டார், அவ்வழக்குகளில் முதல் ஆள். மொத்தம் 19 பேர் தூக்கிலும், ஒருவர் கற்களால் நசுக்கப்பட்டும் மாண்டார்கள். ஆவியுருவில் வந்தாள் என்னும் சாட்சியத்தை ஒதுக்கத் தொடங்கியதும் வழக்குகள் பிசுபிசுத்துப்போயின. கனவு அதைக் கண்டவரைப் பற்றியது மட்டுமே என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் ஆய்வுக்கூடம் மட்டும் அல்ல, சேலமும்தான்.

இன்றைய விக்காவினர் இதை மறந்தவர்கள் அல்லர். யாருக்கும் தீங்கில்லாதவரை விரும்பியதைச் செய் என்பது அவர்களுடைய நெறி. கனவை அவர்கள் கையாளும் விதமும் நடைமுறையில் பெரும்பாலும் அவரவர் மனத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. படுக்கையருகே குறிப்பேடு, எழுந்தவுடன் எழுதுதல், பிறை எது என்று குறித்தல், திரும்பத் திரும்ப வரும் உருவங்களைத் தொகுத்தல். உளவியலாளர் யுங்கின் செல்வாக்கு இதில் ஆழமானது. விக்கா பூசாரியாகவும் உளவியலாளராகவும் ஒருசேர விளங்கும் விவியன் குரோலி போன்றவர்கள், தேவதைகளை உள்மனத்தின் மூலப்படிமங்களாகவும் பார்க்கலாம் என்றே எழுதுகிறார்கள். பாம்பு கனவில் வந்தால் பகை, நீர் வந்தால் பணம் என்று அட்டவணை போடும் மலிவுப் பதிப்புகளை விவரமானவர்கள் மதிப்பதில்லை. நானும் மதிப்பதில்லை. பாம்பு பிடிப்பவருக்கும் பாம்பைக் கண்டால் மயங்குபவருக்கும் ஒரே பொருள் எப்படி வரும்?

அமெரிக்க விக்கா எழுத்தாளர் ஸ்காட் கன்னிங்ஹாம் புனித உறக்கம் என்று ஒரு முறையை 1992இல் வெளியிட்டார். குளித்து, தூய்மை செய்து, இஷ்ட தெய்வத்திடம் ஒரு கேள்வியை வைத்துவிட்டுத் தூங்குவது. காலையில் கனவை எழுதுவது. எகிப்து, கிரேக்கக் கோயில் வழக்கங்களிலிருந்து எடுத்தது. கிரேக்கத்தின் எபிடாரசில், மருத்துவத் தெய்வமான அஸ்கிலீப்பியஸ் கோயிலில் நோயாளிகள் படுத்துக் கனவுக்காகக் காத்திருந்தார்கள். தெய்வத்தை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது ஆய்வுக்கூடத்திலும் நிற்கிறது. டெய்ர்ட்ரே பேரட் 1993இல் கல்லூரி மாணவர்களிடம், ஒரு வாரம் தினமும் தூங்குமுன் தீர்க்க வேண்டிய ஒரு சிக்கலை நினைத்துவிட்டுப் படுக்கச் சொன்னார். ஏறத்தாழ பாதிப்பேருக்கு அதையொட்டிய கனவு வந்தது. நாமகிரித் தாயார் கனவில் சூத்திரங்கள் காட்டியதாக ராமானுஜன் சொன்னதையும் இங்கே வைத்துப் பார்க்கலாம்; பகலெல்லாம் எண்களிலேயே வாழ்ந்தவருக்கு இரவில் எண்கள் வந்தன. எனக்குத் தாயார் வந்து காட்டினாலும் ஒன்றும் புரியப்போவதில்லை.

அந்தத் தலையணை மூலிகை அநேகமாக மக்வொர்ட். நம் மாசிபத்திரியும் மரிக்கொழுந்தும் அதே ஆர்ட்டெமிசியா பேரினம்தான். விநாயகர் சதுர்த்திப் பத்திரங்களில் மாசிபத்திரியைப் பார்த்திருப்பீர்கள். அது கனவைத் தூண்டும் என்பது உறுதிப்படவில்லை. ஆனால் மணம் வேலை செய்யக்கூடும். ஜெர்மனியில் மிக்கேல் ஷ்ரெடல் குழுவினர் ரெம் உறக்கத்தில் இருந்தவர்களின் மூக்கருகே ரோஜா மணத்தையும், வேறு நேரத்தில் அழுகிய முட்டை நாற்றத்தையும் செலுத்தினார்கள். ரோஜா கனவில் வரவில்லை, முட்டையும் வரவில்லை. ஆனால் முன்னதில் கனவின் உணர்ச்சி இனிமையாகவும் பின்னதில் கசப்பாகவும் இருந்தது. ஆகவே பிடித்த மணம் எதுவானாலும் தலையணையில் வைக்கலாம், மல்லிகைக்கும் தடையில்லை. மக்வொர்ட்டைக் கஷாயமாகக் குடிப்பதை மட்டும் கருவுற்றவர்கள் தவிர்க்க வேண்டும். சாமந்தி வகைப் பூக்கள் ஒவ்வாதவர்களும் தள்ளி நிற்பது நல்லது.

முழுநிலவு விஷயத்தில் சான்றுகள் இழுபறி. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 33 பேரின் பழைய தூக்கப் பதிவுகளை மறுபடி ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, பௌர்ணமியை ஒட்டித் தூக்கம் ஏறத்தாழ 20 நிமிடம் குறைகிறது என்றது. அடுத்த ஆண்டே வேறொரு குழு கூடுதல் ஆட்களை வைத்துப் பார்த்து, அப்படி ஒன்றும் தெரியவில்லை என்றது. தூக்கம் கலைந்தால் கனவு நினைவில் நிற்கும் என்பதால், வெளிச்சமான இரவில் கனவு அதிகம் என்று தோன்றுவதில் வியப்பில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சான்று தான்யா லூர்மன் என்ற மானிடவியலாளருடையது. 1980களில் லண்டன் சூனியக் குழுக்களோடு சேர்ந்து அவர்களுடைய பயிற்சிகளைத் தாமும் செய்தார்: மனக்கண்ணில் உருவங்களைத் தெளிவாக எழுப்பும் பயிற்சி, தினமும். சில மாதங்களில் அவருடைய கனவுகளும் மனப்படங்களும் கூர்மையாயின. ஒரு நாள் ஆர்தர் மன்னர் காலத்துக் கதையை நேரம்போவது தெரியாமல் படித்துவிட்டுத் தூங்கினார். விடியலில் விழித்தபோது சன்னலருகே ஆறு துருயிதுகள், அதாவது பழங்கால கெல்ட்டியப் பூசாரிகள், நிற்பதைக் கண்டார். எழுந்து உட்கார்ந்ததும் மறைந்துவிட்டார்கள். அவருக்குப் பித்துப் பிடிக்கவில்லை. பயிற்சி புலனை மாற்றியது. சடங்கும் குறிப்பேடும் பயன்தருகின்றன என்று உங்கள் தோழி சொன்னால் நம்புங்கள். அந்தப் பயனுக்குக் காரணம் மறுவுலகம் என்று அவர் சொல்லும்போது மட்டும் நின்று யோசியுங்கள். கொடுங்கனவு மருத்துவத்திலும் இதே போன்ற உத்தி உண்டு: கனவின் முடிவை விழித்திருக்கும்போது மாற்றி எழுதி, தினமும் சில நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது. பாரி க்ராக்கோவ் குழுவினர் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் இதைச் சோதித்து, கொடுங்கனவுகள் குறைந்ததை 2001இல் காட்டினார்கள்.

வருவதை முன்னுரைக்கும் கனவு? 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸின் அபர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து 144 பேர் இறந்தார்கள், அவர்களில் 116 பேர் குழந்தைகள். இதை முன்பே கனவில் கண்டோம் என்று சொன்னவர்களின் கடிதங்களை மனநல மருத்துவர் ஜான் பார்க்கர் திரட்டினார். பிறகு ஒரு லண்டன் நாளிதழோடு சேர்ந்து, முன்னறிவிப்புகளை நிகழ்வுக்கு முன்பே பதிவு செய்யும் அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார். முன்கூட்டிப் பதிவு செய்யச் சொன்னதும் பலித்தவை மிகச் சொற்பமாகிவிட்டன. கணக்கு எளிது. தமிழ்நாட்டில் மட்டும் ஏழு கோடிக்கு மேல் மக்கள். ஆளுக்கு ஓர் இரவில் நான்கு கனவு என்று வைத்தால் 28 கோடிக் கனவுகள். மறுநாள் நடக்கும் எதற்காவது அவற்றில் ஒன்று பொருந்தாமல் போனால்தான் அதிசயம்.

உங்கள் பல் கனவுக்கு வருகிறேன். பெரியம்மா சொன்னது தமிழ்நாட்டில் மட்டும் உள்ள நம்பிக்கை அன்று. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் கனவு நூல் எழுதிய ஆர்ட்டெமிடோரஸ், வாய் என்பது வீடு, பற்கள் வீட்டார், பல் விழுந்தால் ஆள் குறையும் என்றே எழுதினார். இத்தனை ஊர்களில் இத்தனை காலமாக இதே கனவு ஏன்? 2018இல் இஸ்ரேலில் இரண்டு ஆய்வாளர்கள் பல் கனவு காண்பவர்களைப் பார்த்தபோது, மனக்கவலையோடு அதற்குத் தொடர்பு கிடைக்கவில்லை. காலையில் எழும்போது பல்லிலும் தாடையிலும் இறுக்கம் இருப்பதோடு தொடர்பு இருந்தது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள். கடிப்பவருக்குப் பல்லின் முனைகள் தேய்ந்திருக்கும், அவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். பெரியம்மாவிடம் வாதம் செய்ய வேண்டாம். டாக்டர் பல்லைப் பார்த்துவிட்டார் என்று சொன்னால் போதும்.

கடைசியாகத் தாத்தா. ரெம் உறக்கத்தில் தசை கட்டப்பட்டிருக்கும் என்றேனே, அந்தக் கட்டைப் போடும் மூளைத்தண்டுப் பகுதியை பிரான்சின் லியோன் நகரத்து ஆய்வாளர் மிஷேல் ஜூவே பூனைகளில் சேதப்படுத்திப் பார்த்தார். பூனைகள் தூங்கிக்கொண்டே எழுந்து பாய்ந்தன, சீறின. 1986இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் என்ற மருத்துவர்கள் இதே நிலையை மனிதர்களிடம் கண்டு விவரித்தார்கள். பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள்; கனவில் யாரோ துரத்துவார்கள், இவர்கள் படுக்கையில் உதைப்பார்கள், குத்துவார்கள், கத்துவார்கள். இது யாரும் செய்த வினை இல்லை, ரெம் உறக்க நடத்தைக் கோளாறு என்ற நோயாக இருக்கலாம். காலப்போக்கில் இவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு பார்க்கின்சன் நோயோ அதனோடு தொடர்புள்ள மறதி நோயோ வருவதை நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தூக்கக் கோளாறு எட்டிப்பார்த்துவிடுகிறது. மூச்சுத்திணறல், வலிப்பு, சில மனச்சோர்வு மருந்துகள் ஆகியவற்றாலும் இதேபோல் நடக்கலாம் என்பதால், வீட்டிலிருந்தபடி முடிவு கட்டாதீர்கள்.

நரம்பியல் மருத்துவரிடமோ தூக்க மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். கைபேசியில் ஓரிரு இரவுகள் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மருந்துச் சீட்டுகளும் கையில் இருக்கட்டும். வாசனை தெரிவதில்லையா, மலச்சிக்கல் உண்டா, கையெழுத்து சிறுத்திருக்கிறதா என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள், மருத்துவர் கேட்பார். மெலடோனின், குளோனசிபாம் போன்ற மருந்துகள் பலருக்குப் பலன் தருகின்றன, ஆனால் அளவை அவர்தான் சொல்ல வேண்டும். அதுவரை கட்டிலை விட்டுத் தரையில் மெத்தை போட்டுப் படுக்கச் சொல்லுங்கள். அருகில் கண்ணாடி டம்ளர், கூரான மேசை முனை எதுவும் வேண்டாம். பாட்டி சில நாள் வேறு அறையில் படுக்கட்டும்.